நோட்டில் இல்லாத எண்

பேட்டரிதான், என்றான் லெஹோ.
நாணலுக்குள் முழங்கால் சேற்றில் நின்று
இறக்கையின் ஒரு பாதியை
ஈரத் துணிபோல் உதறிக்கொண்டே சொன்னான்.
ரிசீவருக்கு மின்சாரம் நின்றுபோயிருக்கும்,
உன்மேல் தப்பில்லை.

ரிமோட் என் கையில் இருந்தது.
மூக்கு சிந்தணும், ஒரு நிமிஷம் பிடி என்று
கொடுத்திருந்தான்.
ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஹாப்சாலுவில் மார்ச் மாதம்.
கடல் பாதி உறைந்தே கிடக்கிறது இன்னும்.
சமையலறை மேசையில் ரொட்டித் தட்டை நகர்த்திவிட்டு
அந்த பேக்கை வைத்திருக்கிறேன்:
நான்கு செல்கள், மஞ்சள் உறை,
ஓரத்தில் அவன் மகள் பிர்ரெட் ஒட்டிய
தவளை ஸ்டிக்கர்.
இரண்டாயிரம் மில்லி ஆம்பியர் மணி என்று
அச்சடித்த வாக்குறுதி.

நான்தான் கேட்டு வாங்கி வந்தேன்.
சோதித்துச் சொல்கிறேன்,
கெட்டதென்றால் தூக்கிப் போட்டுவிடலாம்.
கெட்டிருக்க வேண்டும் என்று
பேருந்தில் வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன்,
மடியில் அதை வைத்துக்கொண்டு,
சாவுக்குக் காத்திருக்கும் பங்காளி
கட்டிலருகே உட்கார்ந்திருப்பதுபோல.

முதல் சுற்று.
மெல்ல நிரப்பி மெல்ல வடித்தேன்.
நான்கு வோல்ட்டில் சார்ஜர் கீச்சிட்டு நின்றது.
1310.
நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.
அன்று ராத்திரி
உப்பு மீனும் உருளைக்கிழங்கும் ருசித்தன.

இரண்டாம் சுற்று. 1640.
குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்த செல்கள்
சோம்பல் முறிக்கின்றன.
எனக்குத் தெரியாததல்ல:
தூங்கிப்போன செல்லை
நிரப்பியும் வடித்தும் நிரப்பியும்
எழுப்பிவிடலாம்.
முதல் எண்ணோடு நிறுத்தியிருக்கலாம்.
யார் கேட்கப்போகிறார்கள்.

மூன்றாவது நிரம்பியபோது இரவு இரண்டு மணி.
நிறைகுடம் தளும்பாது என்பார்கள்.
இது நிறைந்ததும் துளி குனிகிறது.
ஏறி ஏறி வந்த மின்னழுத்தம்
உச்சியில் ஒரு கணம் நின்று
இம்மியளவு சரிகிறது.
அந்தச் சரிவைப் பார்த்துத்தான்
போதும் என்று அறிகிறது சார்ஜர்.

உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தேன்.
காய்ச்சல் இறங்கும் குழந்தையின் முதுகு.
ஆறவிட்டு, விடியும்வரை வடித்தேன்.
1925.

ஒவ்வொரு ராத்திரியும் நான் அதைக் குணப்படுத்த
ஒவ்வொரு ராத்திரியும் அது
என்னைக் காட்டிக்கொடுக்கத் தெம்பு சேர்த்திருக்கிறது.

இன்னோர் எண் இருக்கிறது.
நோட்டில் இல்லை.
முதல் நாள், எதையும் நிரப்புவதற்கு முன்,
விழுந்த நேரத்தில் என்ன மிச்சமிருந்தது என்று
வடித்துப் பார்த்தேன்.
980.
இன்னும் இரண்டு மணி நேரமாவது
அந்த வெள்ளை கிளைடர் வானத்தில் இருந்திருக்கும்.

சர்வோக்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தன.
என் கட்டைவிரல் சொன்னதை
ஒரு சொல் விடாமல் கேட்டன.
மூக்கைத் திருப்பி அது என்னைப் பார்த்து வந்தது.
நாணல் எனக்கு இடப்பக்கம்.
பதறி வலப்பக்கம் தள்ளினேன்.
எதிரே வருவதன் வலம் என் இடம்,
பத்து வயதுப் பையனுக்கும் தெரியும்.
அது தன் வலப்பக்கம்
பணிவாகத் திரும்பியது.

தவளைக்குப் பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டி
தேதி எழுதினேன். 1925 எழுதினேன்.
பேனாவை மூடினேன்.
திறந்தேன்.
கீழே எழுதினேன்: விழுந்தபோது மிச்சம் 980.

போன் அடித்தது.
என்ன, செத்துப்போச்சா?
இல்லை லெஹோ. நல்லாத்தான் இருக்கு.
அன்னைக்கும் நல்லாத்தான் இருந்தது.

அவன் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு மூக்கு சிந்தும் சத்தம்.
ஞாயிற்றுக்கிழமை எடுத்துட்டு வா, என்றான்,
பால்சா நான் வாங்கிட்டேன்.
பசை உன் செலவு.