மூடியில் எழுதியிருந்தது

தில்ஷாத் கேட்ட முதல் கேள்விக்கே
என்னிடம் பதில் இல்லை.
"பிரேக் ஆயிலா? மூணா, நாலா?"
காட்பாடி ரோட்டில் பஸ்கள் கத்திக்கொண்டிருந்தன.
காதில் விழாதவன் மாதிரி நின்றேன்.
"ஏதோ ஒண்ணு குடும்மா.
ஸ்டியரிங் வேற ஒடிச்சா முனகுது,
ரெண்டுக்கும் சேர்த்து ஒரே டின்னா குடு.
ஆயில் ஆயில்தானே."

கால்குலேட்டரை ஓரம் தள்ளிவிட்டு
என்னைப் பார்த்தாள்.
"வண்டி எங்க நிக்குது?
போய் மூடியப் படிச்சிட்டு வாங்க."

ஆறு வருஷமாக ஓட்டுகிற வேன்.
பானெட்டைத் தூக்கி, கைலி முனையால்
அழுக்கைத் துடைத்தேன்.
எழுத்து வந்தது.
டாட் நாலு மட்டும், என்று இருந்தது.
பக்கத்தில் இன்னொரு மூடி,
அதன் தலையில் குட்டியாக ஒரு ஸ்டியரிங் படம்.
படிக்கத் தெரியாதவனுக்கும் புரியட்டும் என்று
எவனோ வரைந்து வைத்திருக்கிறான்.
படிக்கத் தெரிந்த நான்
ஆறு வருஷம் பார்க்கவில்லை.

"செவப்பு திருப்பறதுக்கு, மஞ்சள் நிறுத்தறதுக்கு.
மாத்தி ஊத்துனீங்கன்னா
உள்ள இருக்கிற ரப்பர்லாம்
ஊறவெச்ச கொண்டக்கடலயாட்டம் உப்பிடும்.
அஞ்சாம் நம்பர்னு ஒண்ணு கீது, சிலிகான்,
அத்த இதுங்களோட சேக்கவே கூடாது."

வீட்டில் பாதி டின் இருக்கிறது என்றேன்.
எப்போ திறந்தது?
போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி.
"கொட்டிடுங்க. காத்துல இருக்கிற ஈரத்தக் குடிச்சிருக்கும்.
சூடாச்சின்னா அந்தத் தண்ணி கொதிக்கும்."

ராஜா இல்லாத கோட்டை,
தண்ணி இல்லாத ஆறு என்று
எங்கள் ஊரைச் சொல்வார்கள்.
பாலாற்றில் இல்லாத தண்ணீர்
என் பிரேக் குழாய்க்கு மட்டும்
எந்த வழியாக வந்தது?

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.
எனக்கு ஏலகிரி ஞாபகம் வந்தது.

போன மாதம், ஞாயிற்றுக்கிழமை.
ஷூ கம்பெனிப் பெண்கள் பதினோரு பேர்.
இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே கால்.
ஒன்பதாவது வளைவில் ஒருத்தி
பலாப்பழம் குவித்து உட்கார்ந்திருந்தாள்.
"அண்ணே நிறுத்துண்ணே, வாசனயே ஆள இழுக்குது"
என்று பியூலா பின்னாலிருந்து கூவினாள்.
மிதித்தேன்.
நனைந்த பஞ்சில் கால் வைத்ததுபோல
தரைவரை போயிற்று.

இரண்டாவது கியருக்கு இறக்கினேன்.
வண்டி கனைத்தது. ஹேண்ட் பிரேக்கைக்
கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன்.
"இங்க வெல ஜாஸ்திம்மா,
கீழ வாங்கிக்கலாம்" என்றேன்.
குரல் எப்படி நடுங்காமல் வந்தது
என்று இன்றைக்கும் தெரியாது.
கஞ்சப்பயல் என்று யாரோ சொன்னார்கள்.
மீதி வளைவுகளும் எனக்குத் திட்டுதான்.
பொன்னேரி கூட்ரோடில் பழம் வாங்கி
அவர்கள் சுளை உரித்து முடிப்பதற்குள்
ஆறிப்போய் பெடல் கெட்டியாகிவிட்டது,
ஒன்றுமே நடக்காத மாதிரி.
நானும் யாரிடமும் சொல்லவில்லை.

தில்ஷாத்திடமும் சொல்லவில்லை.
பில்லில் ஏகாம்பரம் என்று எழுதி
இரண்டு டின்னையும் தனித்தனிப் பையில் போட்டாள்.

தணிகைவேல் பட்டறையில்
"மிதி... மிதி... புடி, விடாத"
என்று அவன் கீழே படுத்துக்கொண்டு சொல்ல
சக்கரம் சக்கரமாகக் காற்றை எடுத்தோம்.
பழசு டிகாஷன் நிறத்தில் வந்தது,
கடைசியில் தேன் நிறம்.
புதுசில் ஒரு சொட்டு பானெட்டில் விழுந்திருக்கிறது,
தண்ணீர் ஊற்றுவதற்குள்
'வேலவன் துணை'யில் துணையைத் தின்றுவிட்டது.
வேலவன் மட்டும் நிற்கிறான்.

மறுபடி ஏலகிரி, அதே கம்பெனி.
இறக்கத்தில் இப்போது கியர்தான், பிரேக் எப்போதாவது.
ஒன்பதாவது வளைவில்
யாரும் கேட்காமலே நிறுத்தினேன்.
பாதி மிதியிலேயே நின்றது.
"இங்க இன்னாண்ணே?" என்றாள் பியூலா.
பலாப்பழம் என்றேன்.

யாரும் இல்லை அங்கே.
சீசன் முடிந்து, ஒரு கிழிந்த சாக்கும்
நாலைந்து கொட்டைகளும் கிடந்தன.