தாமதம்

பிரெஞ்சு கயானாவில் இன்னும் நேற்று, பிற்பகல் மூன்று மணி.
மானுஸ் தீவில் விடியாத நான்கு.
லோரெங்காவுக்கு வெளியே, கொப்பரை காயும் கொட்டகைக்குப் பக்கத்தில்
ஒரு தட்டு ஆன்டெனா, ஒரு டீசல் ஜெனரேட்டர்,
ருஃபினா போகுட்.

ராக்கெட் ஏறியதை அவள் பார்க்கவில்லை.
பார்த்தவர்கள் கைதட்டி முடித்து
இந்நேரம் காப்பிக்குப் போயிருப்பார்கள்.
நெருப்பும் புகையும் அவர்கள் பங்கு.
கழன்றதெல்லாம் கடலில் விழுந்தபின்
பாதி உலகம் தாண்டி வரும் மிச்சம் இவள் பங்கு:
ஒற்றை எஞ்சின், அதன் மூக்கில்
பன்றிக்குட்டி கனத்தில் ஒரு செயற்கைக்கோள்.

உயரம் இருக்கிறது, ஐந்நூறு கிலோமீட்டர்.
உயரத்தை வைத்து என்ன செய்ய?
எறிந்த கல்லுக்கும் உயரம் உண்டு, ஒரு கணம்.
வேண்டியது பக்கவாட்டு ஓட்டம்.
நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் ஓடுகிறது,
இன்னும் தொண்ணூற்றொரு மீட்டர் குறை.
முக்கால் கிணறு தாண்டியவன் கதைதான்.
இங்கே மிச்சம் காலும் இல்லை,
விளிம்புக்கு ஒரு விரற்கடை.

இருபது நொடி எரிய வேண்டும், இவள் தலைக்கு மேல்.
தொடங்கிவிட்டது என்றன எண்கள்.
நான்காம் நொடியில் ஜெனரேட்டர் விக்கியது.
திரை கறுத்தது.
தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து அவளைப் பார்த்தது,
அவள்தான் அணைத்தாள் என்பதுபோல.

குழாயில் காற்று. வாய் வைத்து உறிஞ்சி, துப்பி,
மறுபடி ஓட்டியபோது
வானத்தில் யாருமில்லை.

தொலைபேசி: "எரிந்ததா?"
"கொஞ்சம் பார்த்தேன்."
மறுமுனையில் ஒருவரும் பேசவில்லை.

பாக்கை மென்றபடி
பிஸ்கட் அட்டையின் பின்புறம் கணக்குப் போட்டாள்.
எரியாவிட்டால் பாதை குறுகல்,
பூமி உருண்டு விலகியதையும் சேர்த்து
தொண்ணூற்றேழரை நிமிடத்தில் திரும்பி வரும்;
நாலைந்து நாளில் காற்று அதைத் தின்றுவிடும்.
எரிந்திருந்தால் பாதை அகலம்.
நூற்றொன்று.

தொண்ணூற்றைந்தில்
லூக்காஸ் சாபுலாய் ஓடத்தைத் தள்ளிக்கொண்டு போனான்.
"இன்னும் வரலையா உன் நட்சத்திரம்?"
"வந்துடக் கூடாது" என்றாள்.
அவன் துடுப்பை நிறுத்திப் பார்த்துவிட்டு
தலையை ஆட்டிக்கொண்டு போனான்.

தொண்ணூற்றேழரை. ஒன்றுமில்லை.
தொண்ணூற்றெட்டும் போயிற்று.
தொண்ணூற்றொன்பதில் நாய் கொட்டாவி விட,
அந்தச் சத்தத்துக்கே அவள் நெஞ்சு நின்று ஓடியது.
நூறு.
ஒன்றும் கேட்காத காதுகள் இரண்டையும்
ஹெட்போனோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள்.

நூற்றொன்றில்,
மேற்கே, தென்னங்கீற்றுகளுக்குச் சற்று மேலே,
கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து
கீச், கீச்.

தொலைபேசியை எடுத்தாள். டீசல் நாறும் வாயால்
"லேட்" என்றாள்.
அந்தப் பக்கம்
யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும் சத்தம்.