நூற்று நாற்பத்தேழாவது வரிசை

இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
கிடை அச்சில் அவர்கள் பாடக் காணொளி பார்த்த மணிநேரம்,
குத்தச்சில் வாங்கிய மதிப்பெண்.
செர்ரி ரோட்டுப் படிப்பு மையத்தின் மாடியில்
மின்விசிறியை இரண்டில் வைத்துவிட்டு
புள்ளிகளைத் தூவிப் பார்த்தேன்.
கொஞ்சம் ஏறுமுகமாக
ஆய்வேட்டுக்குத் தோதாகத்தான் நின்றன.

ஒன்று மட்டும்
வலது கீழ் மூலையில்.
அறுநூற்றுப் பதினொரு மணிநேரம். நாற்பத்துநான்கு மதிப்பெண்.
பிலோமினா, பி.காம். இரண்டாம் ஆண்டு,
நாகலூர், ஏற்காடு.
திரையைத் தொட்ட தடயமே இல்லை.
'கவனம்: குறைவு' என்கிறது செயலி.
'கேமராவில் ஒன்றுக்கு மேற்பட்ட முகங்கள்',
பதினேழு முறை.

"விலகிய புள்ளி, நீக்கிடுங்க" என்றார் நெறியாளர்
தோசையில் முடி கிடப்பதைக் காட்டுகிறவர் போல.
நீக்கிப் பார்த்தேன்.
தொடர்புக் கெழு
0.39-லிருந்து 0.43-க்கு ஏறியது.
ஒரு பெண் இல்லாவிட்டால்
தொழில்நுட்பம் இன்னும் கொஞ்சம் நல்லது.

சனிக்கிழமை ஏற்காடு பஸ்.
பதினோராவது கொண்டை ஊசி வளைவில்
என் போனில் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

தரம் பிரிக்கும் கொட்டகையில்
ஜன்னலோரம் மட்டும் இரண்டு கோடு கிடைக்கும்.
அங்கே நீள மேசை, காப்பிக் கொட்டைக் குவியல், ஐந்து பெண்கள்.
நடுவில் பிஸ்கட் டப்பாமேல் சாய்த்து வைத்த போன்.
கண் கொட்டையில், கை கொட்டையில்,
காதுக்கு வேறு வேலை இல்லாததால்
கணக்குப்பதிவியல் காலை எட்டிலிருந்து ஐந்து வரை ஓடும்;
தீர்ந்தால் மறுபடி முதல் பாடம்.
கட்டணம் கட்டியவள் பிலோமினா.
இருசாயி எட்டாவதோடு நின்றவள்.
கோவிந்தி, அல்போன்சா,
பெயர் சொல்லக் கூச்சப்பட்ட இன்னொருத்தி.

தேர்வைத் தனியாக எழுத வேண்டும் என்பது விதி.
தனியாக இருக்கிற இடத்தில் சிக்னல் இல்லை.
கடைசி மூன்று விடைகள் சுற்றிச் சுற்றி
ஏறாமலே போயின.
"பாஸ்தானே டீச்சர், போதும்" என்றாள்.
அது போதாது என்று அவளுக்கும் தெரியும்.

இருசாயிதான் கேட்டாள்:
"பழம் உரிக்கிற மிசினுக்கு
நேர்கோட்டு முறையில தேய்மானம் போட்டுட்டோம்.
தராசுக்கும் தேய்மானம் உண்டுங்களா?"

கேட்டதற்குக் காரணம் ஒரு நாற்பது பக்க நோட்டு.
கார்த்திகையில் பறித்த பழம், மூட்டை மூட்டையாக:
எஸ்டேட் தராசில் ஒரு எடை,
ரேஷன் கடைத் தராசில் ஒரு எடை.
மூட்டைக்கு ஒன்றரைக் கிலோ காணவில்லை.
வங்கிச் சரிகட்டும் பட்டியல் எட்டாம் பாடம்;
வங்கிக் கணக்கே இல்லாத இருவரும் சேர்ந்து
அதே மாதிரி இரண்டு பத்தி எழுதி நீட்ட,
மேனேஜர் முதலில் சிரித்தாராம்.
பொங்கலுக்கு முந்தின வாரம்
பாக்கிக் கூலி எட்டாயிரத்து முன்னூறு வந்தது,
ஐவருக்கும் சேர்த்து.

என் அட்டவணையில் அதற்கு நிரல் இல்லை.

அல்போன்சா பேசவேயில்லை.
உருண்டையான கொட்டைகளை மட்டும்
முறத்தின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.
"பழுதா?"
"இல்லீங்க. பழத்துக்கு ரெண்டு விதை.
இது ஒண்டியா விளைஞ்சது.
தனிச் சாக்கு. வெலையும் கூட."

இறங்கும் பஸ்ஸில் மடிக்கணினியைத் திறந்தேன்,
வயிற்றைப் புரட்டியது.
நூற்று நாற்பத்தேழாவது வரிசையைத் திரும்பச் சேர்த்தேன்.
0.39.
'மொத்த மாணவர்கள்' என்ற கட்டத்தில்
212 என்று இருந்தது.
216 என்று அடித்தேன். அழித்தேன்.
யாரோ ஒரு குழந்தை பின்னிருக்கையில் வாந்தி எடுத்தது.

அடிவாரத்தில் போன் உயிர் வந்து நடுங்கியது.
நெறியாளர்: 'நீக்கியாச்சா?'

'எத்தனை பேரை?' என்று
பதில் அனுப்பினேன்.