சி ஷிஃப்ட்

கோரிப்பாளையத்தில், தர்கா தாண்டிய சந்தில்
இரவிலும் திறந்திருக்கும் காப்பகம்.
ஒன்பதுக்கே விட்டுவிட்டேன்,
தலையணை உறைக்குள்
என் பழைய நைட்டியைத் திணித்து.
வாசனை இருந்தால் தூங்கிவிடுவாள்.

பள்ளியில் ஏ என்றால் ஆப்பிளாம்.
நிறைமதி ஒத்துக்கொள்வதில்லை.
ஏ வந்தா சாயங்காலம் பார்க்கு,
பி வந்தா தூங்கினப்புறம் அம்மா,
சின்னா பல்கீஸ் அக்கா பாய்.

அப்பாவுக்கு என்ன எழுத்தும்மா?

லடாக்கில் நான்கு நாளாய் டவர் இல்லை.

வார்டில் மூன்று மணிக்கு
யார் பெற்ற பிள்ளையோ அழுதது.
ட்ரிப்ஸ் மாற்றிவிட்டுத்
தட்டிக்கொடுத்தேன்,
வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

காலை ஏழே முக்கால்.
கூட்டிப்போக வந்தவர் பதிவேட்டில்
'உறவு' என்ற கட்டத்துக்குள்
கிரேயானில் ஒரு சி,
வாசல் பக்கம் திரும்பியபடி.

அழிக்கச் சொன்னாள் பல்கீஸ்.
அதை ஒட்டியே
கையெழுத்துப் போட்டேன்.