பதினைந்து ஆம்பியர்

பழைய வண்டி. எனக்குத் தெரிந்தே மூன்று கை மாறியது.
பள்ளிப் பேருந்தாய் இருந்தது ஒருகாலம்;
சன்னல் ஓரம் காம்பஸ் முனையால் கீறிய பெயர்கள்
இன்னும் இருக்கின்றன. ஃபைசால். மெய் லிங்.
பிறகு யாரோ பழகிப் பார்த்த ஒரு கோணல் ழ.
உள்ளே கட்டில், அடுப்பு, கைகழுவத் தொட்டி
ஈப்போக்காரர் ஒருவர் தன் கையாலேயே பொருத்தியது.
"எல்லாம் ஓடும்" என்றார், பணத்தை எண்ணிக்கொண்டே.
ஓடியது, பொய் சொல்லக்கூடாது.

அமிர்தனுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுவிடும்.
முகமூடி மாட்டி, குழாய் வைத்து
இரவெல்லாம் காற்றூதும் சின்ன இயந்திரம்
தலைமாட்டில் இருக்கவேண்டும்.
வீட்டில் அதற்குச் சுவரில் ஒரு பிளக், அவ்வளவுதான்.
வண்டியிலோ எதற்கும் கணக்கு:
இயந்திரம் மூன்று ஆம்பியர், எட்டு மணி நேரம்.
ஐஸ்பெட்டி நான்கு, விட்டுவிட்டு.
விளக்கு சொற்பம்.
நூறு என்று எழுதியிருக்கும் பேட்டரியில்
ஐம்பதை நம்பலாம்.
மீதி விற்றவன் பேச்சு.

இருபத்திரண்டு வருடம் பாயான் லெப்பாஸில்
பூதக்கண்ணாடிக்குக் கீழே ஈயம் வைத்தவள் நான்.
பலகை வரும், போகும்;
எதற்குள் போகிறதென்று யாரும் சொன்னதில்லை.
ஆனாலும் ஒட்டாத இணைப்பைக் கண்டால்
இன்றும் விரல் கூசும்.

முதல் பயணம் தூரமில்லை,
ஜெலுத்தோங்கிலிருந்து தெலுக் பாஹாங்.
வளைவுக்கு வளைவு பாத்திரங்கள் திட்டிக்கொண்டே வந்தன.
அணைக்கட்டுப் பக்கம் நிறுத்தினோம். மழை.
ஐஸ்பெட்டியில் இரண்டு வௌவால் மீன்.

இரவு இரண்டு மணி.
மீட்டரில் சிவப்பு எண்: பன்னிரண்டு புள்ளி மூன்று.
அதில் குறையில்லை.
என்னை எழுப்பியது நாற்றம்,
யாரோ சீப்பை நெருப்பில் காட்டியதுபோல.
கட்டிலுக்கடியில் கைவிட்டேன்.
காய்ச்சல்காரன் கழுத்தாய்ச் சுட்டது வயர்.

பியூஸ் பெட்டியைத் திறந்தால்
பதினைந்து ஆம்பியர் இருக்கவேண்டிய இடத்தில்
சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாள்,
நான்காய் மடித்து, இறுக்கி, அழகாய்.
எந்த இரவோ.
பியூஸ் போய்ப் போய் அலுத்திருக்கும்,
கடை மூடியிருக்கும், குழந்தை அழுதிருக்கும்.
காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பான்.
திட்ட வாயெடுத்தேன்.
நான் மட்டும் என்ன.
அவர் மூச்சு நிற்பதை ஆறு வருடம்
குறட்டை என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மெயினை அணைத்தேன்.
இயந்திரம் ஒருமுறை பெருமூச்சுவிட்டு ஓய்ந்தது.
"கரண்ட் போச்சா?"
"நான்தான் எடுத்தேன். எழுந்து உட்காருங்க, தூங்கக்கூடாது."
"எஞ்சினப் போட்டுவிட்டா..."
"எல்லாச் சன்னலையும் சாத்திட்டு,
பொகைக்குழாய் எங்கே ஓட்டைன்னு தெரியாம? வேணாம்."

மீன் கெட்டுவிடுமே என்று
மூன்று மணிக்குக் கதவை அகலத் திறந்துவைத்துப் பொரித்தோம்.
டார்ச் என் வாயில்; சாரல் எண்ணெயில் விழுந்து வெடித்தது.
உப்பு எங்கே என்று அவர் கேட்டதற்கு
டார்ச்சோடு நான் சொன்ன பதில்
இருவருக்கும் புரியவில்லை.
தலை சாயும்போதெல்லாம் அவர் முழங்காலைத் தட்டினேன்.
நான்காவது முறை தட்டியவர் அவர்,
என் முழங்காலை.

விடிந்ததும் சந்திப்பு வரை மட்டும், ஊர்ந்து.
இரும்புக்கடை திறக்க ஒன்பதரை ஆனது.
பியூஸ் ஒன்று ஐம்பது காசு.
நீல நிறம், நகத்தளவு, உள்ளே மயிரிழையாய் ஒரு வளைவு.
வண்டியிலேயே இது ஒன்றுதான்
கெட்டுப்போனால் வேலை செய்ததாக அர்த்தம்.
பத்து வாங்கினேன். பத்து மீட்டர் தடித்த வயர்.
கூரைக்கு ஒரு புகைமணி.
கடைக்காரர் ஆ தியோங் விஷயத்தைக் கேட்டுவிட்டு
ஒன்றும் சொல்லாமல்
தன் விசிறியின் பிளக்கைப் பிடுங்கி
எங்களுக்கு ஒரு நீட்டு வயரைத் தந்தார்.

மதியம்வரை அமிர்தன் தூங்கினார்,
கடைவாசலில், அந்தக் காற்றை வாங்கிக்கொண்டு.
நான் தரையில் மல்லாந்து
பதினாறு இணைப்பையும் ஒவ்வொன்றாய் இழுத்துப் பார்த்தேன்.
இரண்டு கையோடு வந்தன.