ஆறாம் நிரல்

பங்குனிக் கடைசியில்
கந்தரோடை புளியடி வைரவரின் உண்டியலை எண்ண
சுன்னாகம் கிளையிலிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள்,
என்னையும் யூட் நிரோசனையும்.
"அந்தோனியார் கோவிக்கமாட்டாரோ தம்பி?"
பொருளாளர் மருதலிங்கம் கேட்டார்.
"எண்ணத்தானே வந்தனான், கும்பிட இல்லை" என்றான் யூட்.

பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விட்டோம்,
பிறகு சுத்தியல்.
பாயில் விழுந்தது காசு,
ட்ரக்டர் சல்லிக்கல்லைப் பறிப்பதுபோல்.
படிவத்தில் ஐந்து நிரல்:
தாள், குற்றி, வெளிநாடு, நகை, ஏனையவை.

எண்ணும் இயந்திரம் ஐந்து நிமிடம் ஓடி
எதையோ விழுங்கி நின்றது.
குறட்டால் இழுத்தேன்.
கனடாக் குற்றி. பனிக்கட்டியின் மேல்
துருவக்கரடி, எங்கள் வெயிலில் முழிசிக்கொண்டு.
இன்றைய விலைக்கு அது
பத்து ரூபாய்க் குற்றி நாற்பதுக்கு மேல் தின்னும்.
பெற்றோல் வரிசைக்கு முந்தி முப்பதே போதும்.
கரடி அப்படியேதான் இருக்கிறது.

பூவிளிம்பு இரண்டு சதம், ஊதினால் பறக்கும்.
சதுர ஐந்து சதம்,
சூப்பின இனிப்பைப்போல் மூலை மழுங்கி.
(எங்கள் பேரேட்டில் சதத்துக்கு இன்னும் இடமுண்டு.
இருபது வருடமாய் அதில்
இரண்டு பூச்சியம் போட்டு வருகிறேன்.
சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.)
இந்தியாவின் பழைய ஐந்நூறு.
அங்கே ஓர் இரவில் செத்த செய்தியை
வைரவருக்கு யாரும் சொல்லவில்லை.
எழுபதாம் ஆண்டு ஐப்பசியில் செத்த எங்கள் நூறும்
எட்டாய் மடிந்து, மடிப்பெல்லாம் கிழிந்து கிடந்தது.
கணக்குக் கேட்பார்களென்று பயந்து ஒளித்த யாரோ
கணக்கே கேட்காதவரிடம் கொடுத்திருக்கிறார்.

ஒல்லாந்தத் துட்டு ஒன்று.
மூன்று எழுத்து, ஒன்றின்மேல் ஒன்றேறி மல்லுக்கட்டும்.
அவன் கப்பலேறிவிட்டான்,
துட்டு எங்கள் வாயில் தங்கிவிட்டது.

ஒரு செப்புக்காசில் தோட்டத்துச் செம்மண் அப்பியிருந்தது.
யூட் தண்ணீர்ப் போத்தலால் கழுவினான்.
எருது ஒன்று படுத்திருந்தது.
கீழே இரண்டே எழுத்து: சேது.
"எட, வாசிக்கலாமடி அக்கா!"
அத்தனை நூற்றாண்டைத் தாண்டி
ஓர் அரசனின் காசை எழுத்துக்கூட்டினான்,
பாலர் வகுப்புப் பிள்ளைபோல்.
எருதைக் கரடிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
வைரவரின் கல்நாய் இரண்டையும் பார்த்தது.

அடியில், நூல் சுற்றிய காகிதம்.
தொண்ணூறாம் ஆண்டு. மங்கிய கார்பன் நீலம்.
இரண்டு பவுண் பெற்றுக்கொள்ளப்பட்டது.
திருப்பித் தரப்படும்.
ஒரு கையொப்பம்.

மருதலிங்கம் கண்ணாடியைக் கழற்றித்
துடைக்காமல் வைத்திருந்தார்.
"எங்கட வீட்டிலையும் ஒண்டு கிடந்தது.
இடம்பெயரேக்கை விட்டிட்டு வந்தாச்சு" என்றார்.

தாளில் போடலாமா?
நகை என்றால் நகை எங்கே?
"வெளிநாடோ?" யூட் கேட்டான். சிரிக்கவில்லை.

திருப்பினேன். பின்பக்கம் பென்சிலில்,
காசோலையைப் பிறர் பெயருக்கு மாற்றுவதுபோல்:
வைரவருக்குக் கொடுக்கவும்.
இப்படிக்கு, நா. செல்வமலர்.

அடிமட்டம் வைத்து ஆறாவது நிரல் கீறினேன்.
எண்ணிக்கை: ஒன்று.
மற்ற ஐந்தும் மாலை நாலரைக்குச் சரிவந்தன.

இன்று காலை மேலாளர் படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.
ஆறாம் நிரலின் தலையில்
சிவப்பு மையில் ஒரு வட்டம்:
"தலைப்பு இல்லை. நிரப்பி அனுப்பவும்."