மறுப்புக் குறிப்பு

அங்கேரிபாளையத்தில் ராத்திரி பதினொன்றே முக்கால்.
நாளன்னிக்குத் தூத்துக்குடியில் கப்பல்.
நானூற்றுப் பன்னிரண்டு அட்டைப்பெட்டி
மூச்சுக் காட்டாமல் நிற்கிறது.
மேலே ஒட்டும் பார்கோடு வரவில்லை.

செர்வர் சொல்வது இரண்டே வார்த்தை:
அனுமதி மறுக்கப்பட்டது.

பேக்கிங் சென்னியப்பன்
கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்துப் பார்க்கிறார்.
"வெசயாப் பாருங்க மேடம்,
லாரிக்காரன் எஞ்சினை நிறுத்தவே இல்லீங்."

பார்த்தேன்.
கோப்பு இருக்கிறது.
படிக்க, எழுத, ஓட்ட,
மூன்றும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது.
எனக்கு முன்னால் யாரோ
ஏழு ஏழு ஏழு என்று அடித்து
கதவைக் கழற்றியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
கதவில்லாத நிலைவாசலில்
அப்படியும் உள்ளே விடவில்லை.

சரவணம்பட்டியிலிருந்து தினகர், போனில்:
"அந்தப் பாதுகாப்பையே அணைச்சு விட்டுருங்க.
எல்லாரும் அதத்தான் பண்றாங்க."
அணைத்தால் ஓடும். தெரியும்.
சாயப்பட்டறைக்காரன்
நடுராத்திரியில் மதகைத் திறந்தாலும்தான் ஓடும்.
எந்த நிறத்தில் என்று
நொய்யலைக் கேட்கவேண்டும்.

பதிவேட்டைத் திறந்தேன்.
மறுத்ததை எழுதி வைத்திருந்தது இயந்திரம்,
கணக்குப்பிள்ளைச் சுத்தத்தில்.
கேட்டது யார், எதைக் கேட்டது, எதற்காக,
மணி எத்தனை, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை.
கேட்ட பொருளின் மேல் என்ன சீட்டு என்பதையும்.

சீட்டில்தான் இருந்தது.
பிரேமலதா தன் சொந்த போல்டரில் செய்த கோப்பை
மத்தியானம் நகலெடுக்காமல் நகர்த்தியிருக்கிறாள்.
நகலெடுத்தால் போன இடத்துச் சீட்டு ஒட்டிக்கொள்ளும்.
நகர்த்தினால்
பழைய வீட்டுப் பெயர் கூடவே வரும்.
வந்து சேர்ந்த பிறகும்
புறப்பட்ட இடத்தின் பெயரோடு நிற்பதை
இங்கே யாரும் தொடக் கூடாது.
விதி அப்படி.

போன மாசம் பதினோரு வீடு பார்த்தேன்,
பிச்சம்பாளையம், போயம்பாளையம், காந்தி நகர்.
சம்பளச் சீட்டு, ஆதார்,
பத்து மாச அட்வான்ஸ் கையிலேயே.
படிக்க, எழுத, ஓட்ட.
"சொந்த ஊரு எங்கீங்?"
சொன்னேன்.
"ஊருக்குள்ளயா, அக்கட்டாலயா?"
சொன்னேன்.
வீட்டை மகனுக்கென்று வைத்திருப்பது
அப்போதுதான் ஞாபகம் வந்தது அவர்களுக்கு,
பதினோரு பேருக்கும்.
எந்த ஏட்டிலும் அது மறுப்பென்று ஏறவில்லை.

பன்னிரண்டாவது கிடைத்தது.
செர்வரிலும் அப்படியொரு நிலை உண்டு:
தடுக்காது, உள்ளே விடும்,
ஒவ்வோர் அசைவையும்
குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும்.
குக்கரில் என்ன வாசம், யார் வந்தார்கள்,
சுவரில் எந்தச் சாமி.

பன்னிரண்டு பத்து.
இந்த இடத்துக்கு எது முறையோ அந்தச் சீட்டை ஒட்டு
என்று ஒற்றை வரி அடித்தேன்.
ஒட்டிக்கொண்டது. வலியில்லை, சத்தமில்லை.

பிரிண்டர் பக்கம் இன்னொரு மறுப்பு.
மறுப்புகளைக் கூட்டி
அனுமதியாக எழுதித் தரும் கருவி ஒன்று இருக்கிறது.
ஒன்பது வரி நீட்டியது, கையெழுத்துப் போடு என்று.
ஒவ்வொன்றாய் வாசித்தேன்.
வேண்டியது ஒன்று.
அதை மட்டும் கொடுத்தேன்.

பிரிண்டர் செருமிக்கொண்டு
முதல் ஸ்டிக்கரைத் துப்பியது.
சென்னியப்பன் பெட்டியில் ஒட்டி
உள்ளங்கையால் நீவினார்.
"என்னங்க ரிப்பேரு?"
"லேபிள் மாறிப் போச்சுங்ணா."
"அட, அவ்வளவுதானுங்களா."

லாரி கிளம்பியது.
ஸ்கூட்டியை அணைத்து, சந்து முனையிலிருந்து
தள்ளிக்கொண்டே போனேன்.
சத்தம் வராமல்தான் கேட்டைத் திறந்தேன்.
மாடியில் ஒரு விளக்கு எரிந்தது.
மணி இரண்டு ஐந்து.